பொட்டிக்குள் பொட்டி, வெளியே டோக்கன்

நான் படிப்பது பி.காம். கம்ப்யூட்டர் சயின்ஸ் டிபார்ட்மெண்ட் நண்பர்கள் தலைப்பைப் பார்த்துவிட்டு "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை, போய் பேலன்ஸ் ஷீட்டை டேலி பண்ணு" என்பார்கள். சொல்லட்டும். விர்ச்சுவல் மெஷினுக்குள் யூஎஸ்பி சாதனத்தை வேலை செய்ய வைப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு. வேலை செய்யவில்லை என்றால் மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். எங்கள் கதை வேறு. எங்கள் ஆட்கள் சொருகுவது பெரும்பாலும் பென் டிரைவ் கிடையாது, ஒரு மனிதரின் கையெழுத்து. அது மூன்று மணிக்குள் வேலை செய்தே ஆகவேண்டும். செய்யாவிட்டால் நாம் பதறிப்போய் ஒரு காரியம் பண்ணுகிறோம் பாருங்கள், அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் சித்தப்பா எலக்ட்ரிகல் கான்ட்ராக்டர். முடிச்சூர் ரோட்டில் சின்னதாக ஒரு ஆபீஸ். தெருவிளக்கு, அரசு கட்டிடங்களுக்கு வயரிங் என்று டெண்டர் எடுத்துச் செய்கிறவர். ஏணியில் ஏறி நின்றால் ராஜா, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எல்கேஜி. நான் காலேஜில் சேர்ந்ததிலிருந்து அவருடைய டெண்டர்களை ஆன்லைனில் போடுவது என் வேலை. அவர் ரேட் சொல்லுவார், நான் டைப் அடிப்பேன். சம்பளம், ஒரு செட் பரோட்டா.

என் லேப்டாப்பையும் சொல்லிவிடுகிறேன். 2011-ல் ஆரம்பித்த அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் பெரியம்மா பையனுக்குப் பிற்பாடு ஒரு வருஷம் ப்ளஸ் டூவில் கிடைத்தது. அண்ணன் வேலைக்குப் போனதும் எனக்கு வந்தது. விண்டோஸ் அதில் மூச்சு வாங்கியது. மெமரியை எட்டு ஜிபி ஆக்கி லினக்ஸ் போட்டேன். இப்போது பஞ்சாய்ப் பறக்கிறது. ஆனால் டேலி விண்டோஸில்தான் ஓடும். டெண்டரில் விலை நிரப்பும் பிஓக்யூ என்பது மேக்ரோ வைத்த எக்ஸெல் ஃபைல். லிப்ரே ஆபீஸில் திறந்தால் கூட்டுத்தொகை கோணல் மாணலாக வருமோ என்று பயம். ஃபைல் பெயரைக்கூட மாற்றக் கூடாத இடத்தில் சாகசம் செய்ய முடியாது. அதனால் லினக்ஸுக்குள் விர்ச்சுவல்பாக்ஸ், விர்ச்சுவல்பாக்ஸுக்குள் ஒரு விண்டோஸ். பொட்டிக்குள் பொட்டி. (விண்டோஸுக்கு சித்தப்பா காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தார். பொட்டிக்குள் இருந்தாலும் விண்டோஸ் விண்டோஸ்தான், அதற்கும் லைசென்ஸ் வேண்டும். நிறைய பேர் இதை மறந்துவிடுகிறார்கள், அல்லது மறந்த மாதிரி இருக்கிறார்கள்.)

2025 ஆகஸ்டில் ஒரு நாள். டெண்டருக்குக் கெடு மதியம் மூன்று மணி. வழக்கமாக சித்தப்பா ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் போடுவேன். அந்த வாரம் அது படுத்துவிட்டது. "என் லேப்டாப்பில் போட்டுடலாம் சித்தப்பா" என்று தைரியமாகச் சொன்னேன். முந்தின நாளே டோக்கனைச் சொருகிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தப்பு, யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

ஒன்றேகால் மணிக்கு டோக்கனைச் சொருகினேன். அதில் விளக்கு எரிகிறது. லினக்ஸுக்கு அது தெரிகிறது. உள்ளே இருக்கும் விண்டோஸுக்குத் தெரியவில்லை. விர்ச்சுவல்பாக்ஸ் மெனுவில் யூஎஸ்பி பட்டியல் காலி. கழற்றினேன், சொருகினேன். வேறு போர்ட்டில் சொருகினேன். ரீஸ்டார்ட். மறுபடி காலி. சித்தப்பா பின்னால் நின்று "என்ன பாப்பா, வருமா வராதா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்கிறார். மணி இரண்டு.

வண்டியை எடுத்தோம். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை, டெண்டரும் போட்டுக் கொடுப்பார்கள். கடைக்காரர் டோக்கனை வாங்கிச் சொருகினார், உடனே வந்துவிட்டது. "பின் நம்பர் சொல்லுங்க சார்." சித்தப்பா கடையே கேட்கிற மாதிரி சொன்னார். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஆணியில் வரிசையாக ஏழெட்டு டோக்கன்கள் தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் ஒட்டின பேப்பரில் ஒரு பெயர், ஒரு நம்பர். கான்ட்ராக்டர்கள் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அங்கேயே கொடுத்து வைத்தவை. இரண்டே முக்காலுக்கு டெண்டர் ஏறிவிட்டது. சித்தப்பா சந்தோஷமாக டீ சொன்னார்.

அந்த டெண்டர் கிடைக்கவில்லை. வேறொருவர் குறைந்த விலை போட்டிருந்தார். அது அவர் சாமர்த்தியம், அதில் எனக்குச் சந்தேகம் எதுவும் கிடையாது. ஆனால் ராத்திரி தூக்கம் வரவில்லை. அந்த ஆணியும் துண்டுச் சீட்டும்தான் கண்ணில்.

நிற்க. அந்த டோக்கன் என்ன என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் தூக்கம் வராததன் காரணம் புரியும்.

பார்க்க பென் டிரைவ் மாதிரி இருக்கும். உள்ளே இருப்பது ஒரு ஸ்மார்ட் கார்டு சிப். டிஜிட்டல் கையெழுத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று ஊருக்கே தெரியலாம், மற்றது ரகசியம். அந்த ரகசியச் சாவி டோக்கனுக்குள்ளேயே பிறக்கிறது, அதை விட்டு வெளியே வராது. காப்பி எடுக்க முடியாது. கம்ப்யூட்டர் "இதில் கையெழுத்துப் போடு" என்று ஆவணத்தின் சுருக்கத்தை உள்ளே அனுப்பும். பின் நம்பர் சரியென்றால் டோக்கன் உள்ளேயே போட்டு வெளியே தரும். அவ்வளவுதான். 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 5-வது பிரிவு இந்தக் கையெழுத்துக்குப் பேனாவால் போட்டதற்குச் சமமான மதிப்பைக் கொடுக்கிறது. அதே சட்டத்தின் 42-வது பிரிவு, ரகசியச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க உரிய கவனம் எடுக்க வேண்டியது சந்தாதாரரின் கடமை என்கிறது. 2021 ஜனவரி 1 முதல் கிளாஸ் 2 சான்றிதழ்கள் வழங்குவதை நிறுத்திவிட்டு கிளாஸ் 3 மட்டும் என்று ஆக்கினார்கள். கம்பெனிகளின் வருமான வரி ரிட்டர்ன், கம்பெனி விவகார அமைச்சகத்தின் படிவங்கள், அரசு டெண்டர் எல்லாம் இந்த விரல் நீளப் பொருளில்தான் நிற்கின்றன.

சாவியைத் திருட முடியாது என்று இவ்வளவு பாடுபட்டுச் செய்துவைத்தால், திருடனுக்கு மிச்சம் இருப்பது ஒரே வழி. டோக்கனும் கையில் வேண்டும், பின் நம்பரும் தெரிய வேண்டும். நாங்கள் இரண்டையும் கொடுத்துவிட்டு டீ குடித்தோம். அந்த அரை மணியில் அந்தக் கம்ப்யூட்டரில் சித்தப்பா பெயரில் எதில் வேண்டுமானாலும் கையெழுத்து விழுந்திருக்கலாம். கடைக்காரர் நல்லவர், நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் டெண்டருக்கென்று 1998-லேயே ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டம் கொண்டுவந்து, ஆன்லைனில் போடும் விலையை அதிகாரிகளின் டோக்கன் இல்லாமல் திறக்க முடியாதபடி பூட்டி, இவ்வளவையும் செய்தபின், ஒரே டெண்டருக்குப் போட்டி போடக்கூடிய ஏழெட்டுப் பேரின் கையெழுத்து ஒரே சுவரில் ஒரே ஆணி வரிசையில் தொங்கினால் அது என்ன கணக்கு?

மறுநாள் பின் நம்பரை மாற்றினோம். அந்த வார சனிக்கிழமை நான் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ளாமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

விர்ச்சுவல் மெஷினில் இருக்கிற பெரும்பாலான வன்பொருள் நடிப்பு. அதன் ஹார்டு டிஸ்க் உண்மையில் ஒரு பெரிய ஃபைல். நெட்வொர்க் கார்டு மென்பொருளில் செய்த பொம்மை. திரையும் அப்படித்தான். உள்ளே இருக்கும் விண்டோஸ் இதையெல்லாம் நிஜம் என்று நம்பி சந்தோஷமாக இருக்கும். யூஎஸ்பி டோக்கன் மட்டும் பொம்மை இல்லை, நிஜமான ஒரே ஒரு பொருள். அது வெளியே இருக்கும் லினக்ஸிடம்தான் முதலில் வந்து சேருகிறது. லினக்ஸ் கையை விட்டால்தான் உள்ளே போகும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ள முடியாது.

நம்ம ஏரியாவில் வாடகைக்கு இருந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். மாடியில் நீங்கள், கீழே ஹவுஸ் ஓனர். போர் மோட்டார் ஸ்விட்ச் அவர் வீட்டுக்குள்ளே. உங்கள் வீட்டுக் குழாய், தொட்டி எல்லாம் பழுதில்லாமல் இருக்கும், ஆனால் அவர் ஸ்விட்ச் போட்டால்தான் உங்களுக்குத் தண்ணீர். தண்ணீர் வரவில்லை என்று உங்கள் வீட்டுக் குழாயைக் கழற்றிப் பார்த்து என்ன பிரயோஜனம்? அன்றைக்கு நான் ஒன்றேகால் மணியிலிருந்து செய்தது அதைத்தான். விண்டோஸுக்குள்ளே டிரைவரை அழித்து அழித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். பிரச்சினை கீழ் வீட்டில்.

கீழ் வீட்டில் இரண்டு பிரச்சினைகள் இருந்தன. முதலாவது ரொம்ப அல்பமானது. லினக்ஸில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவும்போது விபாக்ஸ்யூசர்ஸ் என்று ஒரு குழு உருவாகும். அந்தக் குழுவில் உங்கள் பயனர் பெயர் இல்லாவிட்டால் யூஎஸ்பி சாதனங்களைத் தொட உங்களுக்கு அனுமதி இல்லை. கோபமாக எந்தச் செய்தியும் வராது, பட்டியல் பேசாமல் காலியாக இருக்கும். இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அன்றைக்கு ஒன்று ஐம்பதுக்கே இதைத் தேடிக் கண்டுபிடித்து என்னைக் குழுவில் சேர்த்துவிட்டேன்! ஆனால் குழுவில் சேர்த்தது லாக் அவுட் செய்து திரும்ப உள்ளே வந்தால்தான் செல்லும். நான் ரீஸ்டார்ட் செய்ததெல்லாம் உள்ளே இருந்த விண்டோஸை. லினக்ஸில் லாக் அவுட் செய்யவே இல்லை. ஒரு லாக் அவுட். அதற்காக ஒரு மனிதரின் கையெழுத்தை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தோம்.

இரண்டாவது டோக்கனுக்கே உரிய பிரச்சினை, பென் டிரைவ் வைத்துப் பார்த்தால் வராது. அதனால்தான் "எனக்கு யூஎஸ்பி வேலை செய்யுதே" என்று பலர் சொல்லும்போது நான் நம்புவதில்லை. சனிக்கிழமை பட்டியலில் டோக்கன் பெயர் வந்தது. தேர்ந்தெடுத்தேன். "சாதனம் முந்தைய வேலையில் பிஸியாக இருக்கிறது" என்கிற அர்த்தத்தில் ஒரு பிழைச் செய்தி. யார் பிஸியாக வைத்திருப்பது? லினக்ஸில் ஸ்மார்ட் கார்டுகளைக் கவனித்துக்கொள்ள பிசிஎஸ்சி-டி என்று ஒரு பின்னணிச் சேவை உண்டு. டோக்கன் சொருகியதும் "வாங்க வாங்க" என்று அதைப் பிடித்து உட்கார வைத்துவிடுகிறது. அதை நிறுத்தினால் டோக்கன் விடுபடும். ஆனால் சேவையை மட்டும் நிறுத்தினால் போதாது. அதற்கு ஒரு சாக்கெட் இருக்கிறது. யாராவது கதவைத் தட்டினால் தூங்குகிற சேவையை எழுப்பிவிடும். இரண்டையும் சேர்த்து நிறுத்தியதும் டோக்கன் சமர்த்தாக விண்டோஸுக்குள் போனது. போனதும் ஒரு சின்ன சிடி டிரைவ் மாதிரி தோன்றியது. பல டோக்கன்கள் தங்கள் டிரைவரைத் தாங்களே வயிற்றில் சுமந்துகொண்டு வருகின்றன. அதிலிருந்து நிறுவி, பின் நம்பர் போட்டதும் சான்றிதழ் பட்டியலில் சித்தப்பா பெயர். அம்மா சமையலறையிலிருந்து "எதுக்குடி கத்துற" என்றார்.

விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி வரலாறு எங்கள் மாதிரி காமர்ஸ் ஆட்களுக்கு சுவாரசியமானது, ஏனென்றால் அது லைசென்ஸ் வரலாறு. 2007 ஜனவரியில் இன்னோடெக் என்ற ஜெர்மன் கம்பெனி இதைத் திறந்த மூலமாக வெளியிட்டபோது, திறந்த பதிப்பில் யூஎஸ்பி கிடையாது. அது மூடிய பதிப்பில் மட்டும். 2008-ல் சன் வாங்கியது, 2010-ல் சன்னையே ஆரக்கிள் வாங்கியது. அந்த வருஷ டிசம்பரில் வந்த 4.0-ல் பழைய வேகமான யூஎஸ்பி 1.1 இலவசப் பொட்டிக்குள் வந்தது. 2.0 வேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன் பேக் என்று தனியாக ஒன்று. இந்த பேக் சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசம், வியாபாரத்துக்குக் காசு. இதைப் படிக்காமல் எத்தனை ஆபீஸ்களில் நிறுவியிருப்பார்கள் என்று நினைத்தாலே ஆடிட்டிங் பாடம் ஞாபகம் வருகிறது. 2022 அக்டோபரில் வந்த 7.0-லிருந்து 2.0, 3.0 கன்ட்ரோலர்கள் அடிப்படைப் பொட்டியிலேயே திறந்த மூலமாக வந்துவிட்டன. இப்போது யூஎஸ்பிக்காக மட்டும் அந்த பேக் தேவையில்லை. இதில் இன்னொரு வேடிக்கை. கையெழுத்துப் போடும் டோக்கனுக்கு வேகமே தேவையில்லை. அது அனுப்புவதும் வாங்குவதும் சில நூறு பைட்டுகள். பெரும்பாலான டோக்கன்களுக்கு விநாடிக்கு 12 மெகாபிட் ஓடும் பழைய 1.1-ஏ தாராளம். 480 மெகாபிட் ஓடும் 2.0 பென் டிரைவுக்காக. பல வருஷமாக எத்தனையோ பேர் டோக்கன் வரவில்லை என்று எக்ஸ்டென்ஷன் பேக்கைத் தேடி ஓடியது வீண் ஓட்டம்.

மற்ற சாதனங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பென் டிரைவை உள்ளே அனுப்பி அவஸ்தைப்படுவதை விட ஷேர்டு ஃபோல்டர் வைத்துக்கொள்வது மேல். பிரிண்டரை நெட்வொர்க் வழியாகக் கொடுங்கள். வெப்கேமுக்கு விர்ச்சுவல்பாக்ஸிலேயே தனி வழி உண்டு. ஒரு காலத்தில் எல்லோரும் வைத்திருந்த இன்டர்நெட் டாங்கிள் ஞாபகம் இருக்கிறதா? அது சொருகியதும் முதலில் சிடி டிரைவாக வரும், பிறகு வேஷம் மாறி மோடமாகும். வேஷம் மாறும்போது அதன் அடையாள எண்ணும் மாறும்; பழைய எண்ணை நம்பி உள்ளே விட்ட விர்ச்சுவல் மெஷின் பேந்தப் பேந்த விழிக்கும். இதெல்லாம் தலைவலி மட்டுமே. வராவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

சரி, என் கட்சிக்கு வருகிறேன்.

இந்த அனுபவத்தைக் கேட்ட என் வகுப்புத் தோழி சொன்னது, "இவ்வளவு கஷ்டம் எதுக்கு, பேசாம விண்டோஸையே போட்டுத் தொலைக்க வேண்டியதுதானே?" நியாயமான கேள்வி. ஆனால் நான் இப்போது நேர் எதிராக நினைக்கிறேன். விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள்கூட கையெழுத்துக்கென்று தனியாக ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்துக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏன் படுத்தது தெரியுமா? அவர் பையன், என் தம்பி, கிராக் பண்ணின கேம் ஒன்றை இறக்கி வைத்திருந்தான். அதோடு என்னென்ன வந்ததோ. அதே கம்ப்யூட்டரில்தான் அது வரைக்கும் டோக்கனைச் சொருகிக்கொண்டிருந்தோம். டோக்கன் ரகசியத்தை வெளியே விடாதுதான். ஆனால் பின் நம்பரைக் கீபோர்டில்தானே அடிக்கிறோம்? அதைக் கவனிக்கும் கெட்ட மென்பொருள் ஒன்று இருந்தால், டோக்கன் சொருகியிருக்கும் நேரத்தில் அதனிடமே கையெழுத்து கேட்கலாம். நிறைய வீடுகளில், சின்ன ஆபீஸ்களில் ஒரே கம்ப்யூட்டர். அதிலேயே சினிமா, அதிலேயே கேம், அதிலேயே கம்பெனி கையெழுத்து. இரண்டாவது கம்ப்யூட்டர் வாங்கச் சொன்னால் யாரும் வாங்கப் போவதில்லை. விர்ச்சுவல் மெஷின் செலவில்லாத இரண்டாவது கம்ப்யூட்டர். அதில் டோக்கன் டிரைவர், பிரவுசர், எக்ஸெல், டேலி தவிர வேறெதுவும் கிடையாது. சுத்தமாக இருக்கும்போதே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டால், சந்தேகம் வந்தால் பழைய நிலைக்குப் போய்விடலாம். போகுமுன் டேலி டேட்டாவை வெளியே எடுத்து வைக்காவிட்டால் அதுவும் பின்னோக்கிப் போய்விடும், ஜாக்கிரதை!

இதற்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வெளியே இருக்கும் பொட்டியே கெட்டுப்போயிருந்தால் உள்ளே எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு எழுத்தும் கீழ் வீட்டைத் தாண்டித்தான் மாடிக்கு வருகிறது. தம்பியின் கிராக் கேம் கம்ப்யூட்டருக்குள் விர்ச்சுவல் மெஷின் போட்டால் பாதுகாப்பு வந்துவிடாது. கேம் விளையாட வேண்டுமா, அதை உள்ளே இருக்கும் இன்னொரு பொட்டியில் விளையாடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன். முறைக்கிறான். :-)

இன்னொன்று. யூஎஸ்பி ஃபில்டர் என்று ஒரு வசதி இருக்கிறது. டோக்கனின் உற்பத்தியாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் பதிந்து வைத்தால், சொருகியவுடன் அது தானாக உள்ளே போய்விடும். எல்லோரும் இதைத்தான் முதலில் செய்யச் சொல்கிறார்கள். டோக்கனுக்கு இதைச் செய்யாதீர்கள் என்பேன். ஒவ்வொரு தடவையும் மெனுவில் போய் கையால் தேர்ந்தெடுக்கட்டும், வேலை முடிந்ததும் கையால் விடுவிக்கட்டும். இரண்டு க்ளிக் கூடுதல்தான். ஆனால் "இப்போது என் கையெழுத்தை உள்ளே அனுப்புகிறேன்" என்று ஒரு விநாடி தெரிந்து செய்வது போல வரும். தானாக நடப்பதெல்லாம் கொஞ்ச நாளில் மறந்துபோகும், டோக்கன் நாள் முழுக்க சொருகினபடியே கிடக்கும். அதேபோல யூஎஸ்பி-யை நெட்வொர்க் வழியாகத் தூரத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும் வித்தையும் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலிலேயே 2014-ல் சேர்ந்துவிட்டது. ஒரே இடத்தில் எல்லா டோக்கனையும் சொருகி வைத்து ஆபீஸ் முழுக்கப் பயன்படுத்தலாம் என்று சிலருக்கு ஆசை வரும். அது நெட்வொர்க்கில் அடித்த ஆணி, வேறென்ன?

அரசாங்கத்தின் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. தாம்பரத்திலிருந்து ரயிலில் இரண்டாவது ஸ்டேஷன் குரோம்பேட்டை. அங்கே எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயூ-கேபிசி ஆராய்ச்சி மையமும் சென்னை சி-டாக்கும் சேர்ந்துதான் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய ஆதார மையத்தை 2005-ல் ஆரம்பித்தன. 2007-ல் அரசின் சொந்த லினக்ஸான பாஸ் வந்தது. ஆக, மத்திய அரசின் காசில் லினக்ஸ் செய்த இடம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதே மத்திய அரசு 2017-ல் ஜிஎஸ்டி கொண்டுவந்தபோது வந்த ரிட்டர்ன் ஆஃப்லைன் டூல், விண்டோஸ் 7-ம் அதற்கு மேலும் வேண்டும், லினக்ஸிலும் மேக்கிலும் ஓடாது என்று தன் குறிப்பிலேயே சொல்கிறது. நியாயமாகப் பேசினால், அதே தளத்தில் கையெழுத்துப் போடும் இஎம்சைனர் மென்பொருளுக்கு லினக்ஸ் பதிப்பும் தந்தார்கள். அதாவது செய்ய முடியாமல் இல்லை, ஒரு டேபிளில் செய்கிறார்கள், பக்கத்து டேபிளில் மறந்துவிடுகிறார்கள். எஸ்டோனியா என்ற குட்டி நாட்டில் அடையாள அட்டையே கையெழுத்துச் சாவி. அதற்கான மென்பொருளை விண்டோஸ், மேக், உபுண்டு மூன்றுக்கும் அரசே தருகிறது. நமக்கு அவ்வளவு பெரிய கனவுகூட வேண்டாம். பிஓக்யூ-வை மேக்ரோ இல்லாமல் ஒரு சாதாரண வலைப் படிவமாகக் கொடுத்தால் பாதி பேருக்கு இந்தப் பொட்டிக்குள் பொட்டியே வேண்டாம்.

அது நடக்கும்போது நடக்கட்டும். நடக்கும் வரைக்கும் யார் கற்றுக்கொள்வது? எங்களுக்கு டேலி சொல்லித் தருகிறார்கள், ஜிஎஸ்டி படிவங்கள் சொல்லித் தருகிறார்கள். டோக்கனை நான் முதன்முதலில் பார்த்தது சித்தப்பா சட்டைப் பையில். பி.காம். முடித்துவிட்டு ஆடிட்டர் ஆபீஸ்களுக்குப் போகும் என் சீனியர்கள் சொல்கிறார்கள், முதல் நாளே ஒரு டப்பா நிறைய கிளையண்ட் டோக்கன்களைக் கையில் கொடுப்பார்களாம், பின் நம்பர் எழுதின நோட்டோடு. யாரும் கெட்டவர்கள் இல்லை, வேலை நடக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு பீரியட் போதும். டோக்கன் என்றால் என்ன, எப்படி உள்ளே அனுப்புவது, எப்படித் திரும்ப எடுப்பது, 42-வது பிரிவு என்ன சொல்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களிடம் இதை விட்டால் அவர்கள் யூஎஸ்பி-யைச் சொல்லித் தருவார்கள், கையெழுத்தைச் சொல்லித் தர மாட்டார்கள்.

சித்தப்பா இப்போது டெண்டர் கெடுவுக்கு இரண்டு நாள் முன்னாலேயே எங்கள் வீட்டுக்கு வருகிறார். டோக்கன் அவர் பையில் வரும், அவர் பையில் போகும். மெனுவில் தேர்ந்தெடுப்பது நான். பின் நம்பர் கேட்கும் கட்டம் வந்ததும் "பாப்பா, அந்தப் பக்கம் திரும்பு" என்கிறார். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்க்கிறேன். ஒரு விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிறார், அதற்குள் இரண்டு ஷேர் ஆட்டோ போய்விடுகிறது.

டிஸ்கி: பரோட்டா இரண்டு செட் ஆகிவிட்டது.